மங்கலான சந்திர கிரகணம்: பயப்படவும் வேண்டாம், பட்டினி கிடக்கவும் வேண்டாம்



சந்திர கிரகணம் வருது என்று வானொலியிலோ போனிலோ ஒரு செய்தி வந்தால் போதும், நம்ம லயங்களில் பலவிதமான பேச்சு கிளம்பிவிடும். "சாப்பிடக் கூடாது", "தண்ணி குடிக்கக் கூடாது", "பிள்ளைத்தாச்சி வெளியே தலை காட்டக் கூடாது" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சில நேரம் விடிய விடியக் காத்திருந்தும் நிலவு வழக்கம்போல வெள்ளையாகவே இருக்கும். "கிரகணம்னு சொன்னாங்களே, ஒண்ணையும் காணலையே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களுக்குப் பதில் தெரியாது.

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. கிரகணத்தில் வகை இருக்கிறது. அதில் ஒரு வகை மிகவும் மங்கலானது. விஷயம் தெரிந்து பார்த்தால்தான் அது கண்ணில் படும். அந்த வகையைப் பற்றியும், அதை எப்படிப் பார்ப்பது, அந்த இரவில் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

கிரகணம் ஏன் போயா இரவில் மட்டும் வருகிறது?

நிலவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரியனின் வெளிச்சம் பட்டுத்தான் அது பிரகாசிக்கிறது. சூரியன் ஒரு பக்கம், நிலவு மறுபக்கம், நடுவில் நம்ம பூமி என்று மூன்றும் ஒரே வரிசையில் வரும்போது பூமியின் நிழல் நிலவின் மேல் விழும். அதுதான் சந்திர கிரகணம். நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது பௌர்ணமியில்தான். அதனால் நம் நாட்டில் எந்தச் சந்திர கிரகணமும் போயா தினத்தை ஒட்டித்தான் வரும்.

அப்படியென்றால் மாதாமாதம் ஏன் வருவதில்லை? நிலவு சுற்றுகிற பாதை, பூமி சூரியனைச் சுற்றுகிற பாதைக்கு 5 பாகை அளவு சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நிழலில் படும். அதிலும் சில நமக்குப் பகல் நேரத்தில் வரும். அப்போது நிலவு அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் நமக்குத் தெரியாது.

நிழல் இரண்டு வகை

வீட்டில் டியூப் லைட் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. லைட்டுக்குக் கீழே, மேசைக்கு ஒரு அடி மேலே கையைப் பிடியுங்க. கையின் நிழல் நடுவில் கறுப்பாக இருக்கும். சுற்றிவர சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் தெரியும். கையை மேசைப் பக்கம் இறக்க இறக்க அந்த மங்கல் குறைந்து, நிழலின் ஓரம் வெட்டின மாதிரி ஆகும். குப்பி விளக்கின் சின்னச் சுடரில் இதையே செய்தால் மங்கல் அவ்வளவாக வராது. வெளிச்சம் வருகிற இடம் அகலமாக இருந்தால் நிழலுக்கு இந்த மாதிரி இரண்டு பாகம் உண்டாகும்.

சூரியன் அகலமான விளக்கு. அதன் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீற்றர். பூமியின் விட்டம் 12,742 கிலோமீற்றர். அதனால் பூமியின் நிழலுக்கும் இரண்டு பாகம் உண்டு. நடுவில் இருப்பது கருநிழல். அதைச் சுற்றி இருப்பது புறநிழல். கருநிழலுக்குள் நின்றுகொண்டு பார்த்தால் சூரியன் முழுவதும் பூமிக்குப் பின்னால் மறைந்திருக்கும். புறநிழலுக்குள் நின்று பார்த்தால் சூரியனின் ஒரு பகுதி மட்டும்தான் மறைந்திருக்கும், மிச்சப் பகுதி வெளிச்சம் தந்துகொண்டிருக்கும்.

நிலவு நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் கருநிழலின் அகலம் சுமார் 9,000 கிலோமீற்றர். அதைச் சுற்றியுள்ள புறநிழல் வளையத்தின் அகலம் சுமார் 3,500 கிலோமீற்றர். நிலவின் விட்டமோ 3,474 கிலோமீற்றர். அதாவது, புறநிழல் வளையம் ஏறக்குறைய நிலவின் அகலமே இருக்கிறது.

இதிலிருந்து மூன்று வகைக் கிரகணம் வருகிறது. நிலவு முழுவதும் கருநிழலுக்குள் போனால் அது முழுச் சந்திர கிரகணம். கொஞ்சம் மட்டும் போனால் பகுதிக் கிரகணம். கருநிழலைத் தொடாமல் புறநிழலில் மட்டும் புகுந்து வெளியேறினால் அது புறநிழல் கிரகணம். சந்திர கிரகணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை இந்த மங்கலான வகைதான்.

முழுக் கிரகணத்தை யாருக்கும் காட்டித்தர வேண்டியதில்லை. 2025 செப்டெம்பர் 7 ஆம் தேதி இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை நிலவு கருநிழலுக்குள் இருந்தது. மேகம் இல்லாத இடங்களில் நிலவு செம்பு நிறமாகத் தெரிந்தது. பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய வெளிச்சத்தை வளைத்து உள்ளே அனுப்புகிறது. அதில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. நமக்கு மாலையில் வானம் சிவக்கிறதும் இதே காரணத்தால்தான். புறநிழல் கிரகணத்தில் இந்தச் சிவப்பு வராது. நிலவின் ஒரு ஓரம் சற்றுப் புகை படிந்த மாதிரி ஆகும். அவ்வளவுதான்.

ஓலைத்தொடுவாயில் 2016 செப்டெம்பர் நிலவு

இதற்கு நல்ல உதாரணம் 2016 செப்டெம்பர் 16, வெள்ளிக்கிழமை, பினர போயா இரவு. அந்தக் கிரகணத்தை மன்னார்த் தீவில் இருக்கிற ஓலைத்தொடுவாயை வைத்து விளக்குகிறோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மன்னார் நம்ம ஆட்களுக்கு அந்நியமான இடம் இல்லை. நம்ம பாட்டன் பூட்டன்மாரில் பலர் கடல் கடந்து முதலில் கால் வைத்தது அந்தக் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். 1914 இல் தலைமன்னாருக்கு ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தன. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களும் உண்டு. இன்றும் நம்ம தோட்டங்களில் சிலருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறது.

வானம் பார்க்கிறதற்கும் மன்னார் தோதான இடம். மலை கிடையாது. மணலும் பனையுமாக, கடலோடு சேர்ந்த சமதரை. நிலவு எழும்புகிறது முதல் மறைகிறது வரை மறைப்பு இல்லை. செப்டெம்பர் மாதத்தில் நம்ம பக்கம் மழையும் மூட்டமுமாக இருக்கும்போது மன்னாரில் பெரும்பாலும் வறட்சிதான். வடகிழக்கு மழை அங்கே பிறகுதான் தொடங்கும்.

அந்த இரவு நிலவு புறநிழலைத் தொட்டது 10.24 மணிக்கு. அந்த நேரம் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. புறநிழலின் வெளி ஓரத்தில் சூரியனின் மிகச் சிறிய பகுதிதான் மறைந்திருக்கும். அந்தக் குறைவைக் கண் கண்டுபிடிக்காது. நிலவு நிழலுக்குள் மணிக்குச் சுமார் 3,600 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிறது. தன் அகலத்தைக் கடக்க அதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதனால் நள்ளிரவு நெருங்கும்போதுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். உச்சம் 12.24 மணிக்கு. அப்போது நிலவு ஓலைத்தொடுவாய்க்கு ஏறக்குறைய தலைக்கு மேலே நின்றது. அதன் விட்டத்தில் நூற்றுக்கு 91 பங்கு புறநிழலுக்குள் இருந்தது. கருநிழலைத் தொடாமல் சுமார் 200 கிலோமீற்றர் இடைவெளியில் தப்பிவிட்டது. நிலவின் வடக்கு ஓரம்தான் கருநிழலுக்கு அருகில் இருந்தது. ஆகவே மங்கல் தெரியக்கூடியதும் அந்தப் பக்கம்தான். தெற்கு ஓரம் வழக்கம்போலப் பளிச்சென்று இருக்கும். அதிகாலை 2.24க்கு எல்லாம் முடிந்தது. மொத்தம் நான்கு மணித்தியாலம். அதில் கண்ணுக்குத் தெரியக்கூடியது ஒரு மணித்தியாலம் அளவுதான்.

இதே கணக்கை 2023 ஒக்டோபர் 28 சனிக்கிழமை, வப் போயா இரவோடு ஒப்பிட்டுப் பாருங்க. அது ஐப்பசிப் பௌர்ணமி. சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கிற நாள். அந்தக் கிரகணத்தில் நிலவு கருநிழலைக் கொஞ்சம் தொட்டது. 29 ஆம் தேதி அதிகாலை 1.05 முதல் 2.22 வரை, விட்டத்தில் நூற்றுக்கு 12 பங்கு அளவு மட்டும், தெற்கு ஓரத்தில் கறுப்பு விழுந்தது. ரொட்டியில் ஒரு ஓரம் கருகின மாதிரி. இது பகுதிக் கிரகணம். 2016 இல் வந்தது இந்தக் கறுப்பும் இல்லாத கிரகணம்.

மங்கலைக் கண்ணால் பிடிப்பது எப்படி?

முதலில் உச்ச நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. உச்சத்துக்கு அரை மணித்தியாலம் முன்னும் பின்னும்தான் பார்க்க வேண்டிய நேரம். ஆனாலும் கிரகணம் தொடங்குமுன் நிலவை ஒரு தடவை நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். முன்னே எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் மாறியதும் தெரியாது.

நிலவை மொத்தமாகப் பார்க்காமல் அதன் இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பாருங்க. ஒரு ஓரம் மற்றதை விட மங்கலாக இருக்கிறதா? அதுதான் கேள்வி. நிலவில் எப்போதும் இருக்கிற கறுத்த திட்டுகளைக் கிரகணம் என்று நினைத்துவிடக் கூடாது.

பௌர்ணமி நிலவின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். அந்தக் கூச்சத்தில் மங்கல் மறைந்துவிடும். கையைக் குழல் மாதிரி மடக்கி, அந்தத் துவாரத்தின் வழியே பாருங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் நல்லது. மெல்லிய மேகம் குறுக்கே போகும்போது சில நேரம் இன்னும் நன்றாகத் தெரியும்.

போன் இருக்கிற இளைஞர்கள் வெளிச்ச அளவைக் குறைத்து வைத்து, அதை மாற்றாமல், அரை மணித்தியாலத்துக்கு ஒரு படம் எடுங்க. பிறகு எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது படத்தில் தெரியும். போன் இல்லாத பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியில் ஆறேழு வட்டம் போட்டு, ஒவ்வொரு அரை மணிக்கும் கண்டதைப் பென்சிலால் நிழலிட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதட்டும். இது பாடசாலையில் காட்டக்கூடிய நல்ல வேலை.

மலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் லயத்து முற்றத்திலேயே நின்று பாருங்க. உச்சம் நள்ளிரவை ஒட்டி வந்தால் நிலவு மலைக்கு மேலே ஏறியிருக்கும். நல்ல இடம் தேடி இருட்டில் மலைப்பாதையில் ஏற வேண்டாம். சின்னப் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம்.

இன்னொன்றையும் ஞாபகம் வையுங்க. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம், கண்ணுக்குக் கெடுதல் இல்லை. சூரிய கிரகணம் அப்படியில்லை. 2010 ஜனவரி 15 அன்றும் 2019 டிசெம்பர் 26 அன்றும் வடக்கில் வளையச் சூரிய கிரகணம் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் தகுந்த கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் பார்வையே போகலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம்ம ஆட்களின் கணக்கு

கிரகணம் நிழலால் வருகிறது என்பது வெள்ளைக்காரர் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஆரியபட்டர் கி.பி. 499 அளவிலேயே பூமியின் நிழல்தான் சந்திரனை மறைக்கிறது என்று எழுதி வைத்தார்.

1825 இல் பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், அந்த வருஷம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். வாரன் என்ற ஐரோப்பியர் அதைப் பார்த்து எழுதி வைத்தார். தொடக்க நேரத்தில் வந்த பிழை 4 நிமிடம்தான். ஆனால் முடிவு நேரத்தில் 52 நிமிடம் பிசகியது.

நான்கு வருஷம் கழித்து, 1829 மார்ச்சில், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இன்னொரு சம்பவம். அங்கே செமினரியை நடத்திய டானியல் பூவர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் கணக்கும், பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்திலும் அளவிலும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்த இரவில் பூவரின் கணக்கே சரியாக வந்தது.

இந்த இரண்டு சம்பவத்திலும் நமக்கு ஒரே பாடம்தான் இருக்கிறது. யார் சொன்னாலும் நேரம் பார்த்து, வானத்தைப் பார்த்து, ஒத்துப்பார்க்கலாம். கிரகணம் ஒளிந்து நடக்கிற காரியம் இல்லை.

பிள்ளைத்தாச்சிகளைப் பட்டினி போடாதீர்கள்

முக்கியமான விஷயம் இதுதான். 2023 ஒக்டோபர் கிரகணத்தன்று எங்கள் பகுதி லயம் ஒன்றில் ஏழு மாதக் கர்ப்பிணித் தாய் ஒருவரைப் பின்னேரமே காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். இராச்சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. அடுத்த நாள் காலையில் அவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். நல்ல வேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வீட்டார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்ற பயத்தில்தான் செய்தார்கள்.

உதடு பிளவு கிரகணத்தால் வருவதில்லை. குழந்தையின் மேல் உதடு கருவில் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையிலேயே உருவாகிவிடும். அப்போது இரண்டு பக்கமும் சரியாகச் சேராவிட்டால்தான் பிளவு வருகிறது. பரம்பரை, கர்ப்ப காலத்தில் புகை பிடித்தல், சில வகை மருந்துகள் போன்றவை அதற்குக் காரணமாகலாம். ஏழாம் மாதத்தில் நிலவு வெளிச்சம் பட்டு உதடு பிளக்க வழியே இல்லை. பிளவோடு பிறந்த பிள்ளைக்கும் சத்திரசிகிச்சை செய்து சரிப்படுத்தலாம். அந்தத் தாயைக் குறை சொல்வது பெரிய பாவம்.

கர்ப்பிணிக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும். மருத்துவிச்சி தந்த இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷவும் கிரகண நாளிலும் வழக்கம்போல எடுக்க வேண்டும். நம்ம தோட்டங்களில் இரத்தசோகை உள்ள தாய்மார் அதிகம். அவர்களுக்கு ஒரு இரவுப் பட்டினியும் பாரம்தான். சீனி வியாதிக்காரரும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும் சாப்பாட்டையும் மருந்தையும் தள்ளிப்போடக் கூடாது. பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும்.

முழுகிச் சாமி கும்பிட விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யுங்க. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்க: புறநிழல் கிரகணம் வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் பஞ்சாங்க முறையில் அதைக் கிரகணமாக எடுப்பதில்லை, அதற்கு அனுஷ்டானமும் கிடையாது. ஆகவே சாஸ்திரம் பார்க்கிறவர்களுக்கும் அந்த இரவில் பட்டினி தேவையில்லை. போனில் "கிரகணம்" என்று ஒரு செய்தி வந்தால் என்ன வகை என்று முதலில் கேளுங்க.

அடிக்கடி கேட்கிற சில கேள்விகள்

சமைத்து வைத்த சாப்பாடு கெட்டுப்போகுமா? கிரகணத்தால் கெடாது. மூடாமல், நேரம் கடந்து வைத்தால் எந்த இரவிலும் கெடும்.

கடல் பொங்குமா? மன்னார்க் கரையில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும், எந்தப் பௌர்ணமியிலும் கடல் ஏற்றமும் இறக்கமும் கூடுதலாகத்தான் இருக்கும். கிரகணப் பௌர்ணமியில் அதற்கு மேல் விசேஷமாக எதுவும் நடக்காது. நிழல் தண்ணீரை இழுப்பதில்லை.

அடுத்து எப்போது?

மங்கலான வகையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2027 பெப்ரவரி 20 இரவு கழிந்து 21 அதிகாலை ஒன்று இருக்கிறது. உச்சம் விடியற்காலை 4.40 மணி அளவில். அந்த நேரம் நிலவு மேற்கே சாய்ந்திருக்கும். மேற்கில் மலை இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்க. ஓலைத்தொடுவாய்ப் பக்கம் இருக்கிற சொந்தக்காரருக்கும் சொல்லி வையுங்க, அவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. 2028 ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதிக் கிரகணம் வரும். அதே வருஷம் டிசெம்பர் 31 இரவு 10.20 அளவில் முழுக் கிரகணம் உச்சத்தில் இருக்கும். புது வருஷம் பிறக்கக் காத்திருப்பவர்கள் சிவந்த நிலவையும் பார்க்கலாம்.

பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களும், மருத்துவிச்சிகளும், ஆசிரியர்களும், இளைஞர் கழகத்தாரும் கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்பே இந்த விஷயங்களை லயம் லயமாகச் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாமியாரும் மாமனாரும் கேட்டால்தான் மருமகள் சாப்பிட முடியும். ஆகவே பெரியவர்களிடம் முதலில் பேசுங்க. அந்த இரவு வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து நிலவைப் பாருங்க.